மாவு கசக்குமாம்

ஆய்வுக்கு வந்த அம்மாள் கம்பெனி ஆபீஸில் வரைபடத்தை மேசைமேல் விரித்தபோதே பல்பு கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

வரைபடத்தில் ஊர் இரண்டாகக் கிடந்தது. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரே ஒரு பாலம். பாலத்துக்கு மேற்கே வீட்டுக்கு வீடு பச்சைப் புள்ளி. கிழக்கே பார்த்தால் மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. சுத்தமான வெள்ளை.

"மேற்கால இருநூத்திப் பத்து வீட்டுல நூத்தித் தொண்ணூறு வீட்டுக்காரங்க சோலார் போட்டிருக்காங்க. பாலத்தைத் தாண்டினா நூத்தி அறுபத்து மூணு வீட்டுல ஒருத்தர்கூடப் போடலை. ஊர் ஒண்ணுதான், வெயிலும் ஒண்ணுதான். அரசாங்கம் பாதி விலை தருது. அப்புறமும் ஏன் சார் இப்படி?" என்றாள் அந்த அம்மாள்.

"அவங்களுக்கு விருப்பமில்லை மேடம்."

"அது எழுதியிருக்கு. ஏன் விருப்பமில்லைன்னுதான் எனக்குத் தெரியணும். நீங்கதான் அங்க வீடு வீடாப் போய்க் கேட்டீங்களாமே? மேனேஜர் உங்களையே கூட்டிட்டுப் போகச் சொன்னார்."

பல்பு தலையை ஆட்டினான். ஆட்டாமல் என்ன செய்வது?

அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது உண்டு. கிழக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் குப்பையில் கிடக்கிற ஃபியூஸ் போன பல்புகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைவான். அன்றைக்கு வைத்த பெயர். வளர்ந்து வயர்மேன் ஆனான், மேற்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனான், சோலார் கம்பெனியில் சேர்ந்தான், சூப்பர்வைசரும் ஆனான். பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தால் பல்புதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்தத் திட்டம் வந்தபோது இரண்டு பக்கமும் போய்க் கேட்டு எழுதி வரும் வேலை அவனுக்குக் கிடைத்தது. மேற்குப் பக்கத்தில் அது ராஜ வேலை. கம்பெனி சட்டையைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள், ஜில்லென்று தண்ணீர் கொடுத்தார்கள். 'சார், எங்க கூரைக்கு எத்தனை தகடு வரும்?' என்று கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை வாய்கள் அவனை சார் என்றன.

அதை முடித்துவிட்டு ஒரு சின்ன வயசு இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு கிழக்கே வந்தான். முதல் தெருவிலேயே தையல்காரர் சத்தம் போட்டார்: "ஏய், பல்பு வந்திருக்கான்டா! சட்டையெல்லாம் பிரமாதமா இருக்கே!" குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், விளக்கு எரியவில்லை, ஹோல்டரைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். ஸ்டூலில் ஏறி நின்று ஹோல்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற இஞ்சினியர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. காது சூடேறியது. கீழே இறங்கியதும், "நீங்க போங்க. இவங்க இப்படித்தான், பேசியே பொழுதைக் கழிப்பாங்க. நான் தனியா முடிச்சுடறேன்" என்று அனுப்பிவிட்டான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. மேற்குக்கரை டீக்கடையில் உட்கார்ந்தபடி நூற்று அறுபத்து மூன்று படிவங்களையும் அவனே நிரப்பினான். எல்லாவற்றிலும் 'விருப்பமில்லை.' காரணம் எழுதச் சிறிய இடம் இருந்தது. ஒரே காரணமாக இருந்தால் சந்தேகம் வருமே என்று மாற்றி மாற்றி எழுதினான். கூரை தாங்காது. பராமரிக்கத் தெரியாது. மழையில் வேலை செய்யாது என்று நம்புகிறார்கள். எழுதி எழுதிக் காரணம் தீர்ந்துபோன நேரத்தில் சொந்த அக்காவின் மாவு மில்லுக்கான படிவம் வந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டே எழுதினான்: 'வெயிலில் ஓடும் மிஷினில் அரைத்தால் மாவு கசக்கும் என்று சொல்கிறார்கள்.'

இஞ்சினியர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு மாதத்தில் பல்பு சூப்பர்வைசர் ஆனான்.

இப்போது அந்தப் படிவங்களின் நகல்களை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் பாலத்தில் அவனுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. கிழக்குப் பக்கத்துத் தகரக் கூரைகள் கண்ணைக் கூசவைத்தன. அங்கே மின்சாரம் இல்லாமல் இல்லை. வரும், போகும். வந்தாலும் சாயங்காலம் ஆனால் விளக்கு மஞ்சளாகி, ஃபேன் நோயாளி மாதிரி சுற்றும். தெருவில் பாதி வாசலில் டீசல் வாடை.

தையல்காரர் கால்மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வணக்கம் சொல்லி, பையிலிருந்து ஒரு நகலை உருவிப் படித்தாள்.

"நீங்க விருப்பமில்லைன்னு சொல்லியிருக்கீங்க. பராமரிக்கத் தெரியாதுன்னு காரணம் சொல்லியிருக்கீங்க. அதைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

"நானா? நான் யார்கிட்ட சொன்னேன்?"

"மறந்திருப்பீங்க அண்ணே. மழைக்காலத்துல வந்தேனே" என்றான் பல்பு.

தையல்காரர் மிதிப்பதை நிறுத்தினார். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். பல்புவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மழையில நீயா வந்தே?"

"வந்தேனே அண்ணே."

"வந்திருப்பே" என்றார். நூலை எடுத்து நுனியை எச்சிலில் நனைத்தார். "வந்திருப்பே, வந்திருப்பே."

அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டாள். தெருவில் நடக்கும்போது பல்புவின் முதுகு எரிந்தது. வெயிலால் அல்ல.

அடுத்த வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், "அது எங்களுக்கும் உண்டாங்க? அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு மட்டும்னு இல்ல நினைச்சோம்" என்றாள்.

"உங்ககிட்ட வந்து விவரம் சொன்னாங்கன்னு இதுல இருக்கே?"

அந்தப் பெண் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி பல்புவைப் பார்த்தாள். அவன் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவள் அவள். "சொல்லியிருப்பாங்க. எனக்கு எங்க அதெல்லாம் ஞாபகம் இருக்கு?" என்றாள்.

"இப்படித்தான் மேடம், என்னதான் சொன்னாலும் மனசுல நிக்காது" என்றான் பல்பு. சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஞாபகமில்லாத அளவுக்கு இதை ஒரு விஷயமாவே எடுத்துக்கலை. இதுவே பெரிய கண்டுபிடிப்பு சார்" என்றாள் அந்த அம்மாள். நல்ல மனுஷிதான். வெயிலில் முகம் சிவந்து, குடைகூட இல்லாமல், ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஏழு வீடு ஆயிற்று. எட்டாவது மில்.

மில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் முன்னறைதான். ஒரு பக்கம் அரவை மிஷின், சுவருக்கு அந்தப் பக்கம் டீசல் எஞ்சின், இரண்டுக்கும் நடுவே பெல்ட். புகைபோகத் தகரக் குழாய் வைத்திருந்தாலும் பாதிப் புகை உள்ளேதான் சுற்றும். சுவர் இடுப்புக்கு மேலே கறுப்பு, இடுப்புக்குக் கீழே மாவு படிந்து வெள்ளை. கோதுமை, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் ஒரே கல். மிளகாய் அரைத்தவுடனே யாரும் கோதுமையைக் கொட்ட மாட்டார்கள், 'நீ முதல்ல போடு, நீ முதல்ல போடு' என்று உபசாரம் நடக்கும்.

அன்றைக்கு மூன்று பெண்கள் டப்பாக்களோடு காத்திருந்தார்கள். அக்கா இடது கையால் கோதுமையை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. அவள் புருஷன் உள்ளே இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் வேலியோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடும்போது அவர் அங்கேதான் இருக்க வேண்டும். நெஞ்சில் இருக்கிற சளிக்கு டீசல் புகை எமன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கைக்கு என்னக்கா?" பல்பு பதறிப்போய்க் கேட்டான்.

"ரெண்டு வாரம் ஆச்சு. உனக்கு இப்பத்தான் கண்ணு தெரியுதா?" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். பின்னால் நின்ற அம்மாளைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஒரு பெண்ணிடம் சைகை காட்டினாள். எஞ்சின் இருமி இருமி நின்றது. பல்புவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

அந்த அம்மாள் தான் யார், எதற்கு வந்திருக்கிறாள் என்று பொறுமையாகச் சொன்னாள். பிறகு நகலை உருவினாள்.

"உங்க மில்லுக்குத் தனியா மோட்டாரோடயே தந்திருப்பாங்க. சின்னத் தொழில் செய்யறவங்களுக்குன்னு தனிச் சலுகை இருந்தது. ஆனா நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்க." கொஞ்சம் தயங்கி, மனம் புண்படக் கூடாதே என்பதுபோல மெதுவாகப் படித்தாள். "வெயிலில் ஓடும் மிஷினில் அரைத்தால் மாவு கசக்கும்."

காத்திருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்ப்புறத்திலிருந்து மாமா எழுந்து வந்தார். "யார் சொன்னது? நாங்களா?"

"கொஞ்சம் காட்டுங்க" என்று அக்கா இடது கையை நீட்டினாள்.

அவள் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு மாவு படிந்த இதே தரையில் விரலைப் பிடித்து எழுதவைத்தவளே அவள்தான். படிவத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பல்பு அரவைக் கல்லின் திருகையே வெறித்துக்கொண்டு நின்றான். தலையை நிமிர்த்தினால் அவள் கண்ணில் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும்.

"ஆமாங்க. நாங்கதான் சொன்னோம்" என்றாள் அக்கா.

"என்னடி சொல்றே?" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஞாபகமில்லை. தம்பி வந்து எவ்வளவோ எடுத்துச் சொன்னான். நாங்கதான் கேக்கலை."

அந்த அம்மாளின் கண் விரிந்தது. அன்றைக்கு முதன்முறையாக ஞாபகம் இருக்கிற ஓர் ஆள் கிடைத்துவிட்டாளே. "எப்படிக் கசக்கும்னு நினைக்கிறீங்க? கொஞ்சம் விளக்கமா சொல்ல முடியுமா?"

அக்கா அரவைக் கல்லைத் தொட்டுக் காட்டினாள். "அது... வெயிலு தகட்டுல ஏறுதில்லைங்களா. அந்தச் சூடு கம்பி வழியா இறங்கிக் கல்லுக்கு வரும். கல்லு சூடாச்சுன்னா மாவு கெட்டுப்போகும். கசக்கத்தானே செய்யும்?"

"கல் சூடானா மாவு கெடும்கிறது உங்க அனுபவமா?"

"ஆமாங்க. கல்லை ரொம்ப இறுக்கி ஓட்டினா சூடாகும். மாவு கருகின வாடை அடிக்கும்." அது உண்மை. அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அந்த அம்மாள் பரபரவென்று எழுதினாள். எழுதிவிட்டு, "கையில என்ன ஆச்சு?" என்றாள்.

"எஞ்சின் ஹேண்டில் திருப்பி அடிச்சுடுச்சு. முன்னெல்லாம் இவர் சுத்துவார். இப்ப முடியலை."

"சோலார் மோட்டார் இருந்திருந்தா ஹேண்டிலே சுத்தவேண்டாம். புகையும் கிடையாது. ஒரு சுவிட்ச்தான்."

"அப்படிங்களா?" என்றாள் அக்கா. மாமாவைப் பார்த்தாள், கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். தம்பியை மட்டும் பார்க்கவில்லை. "எங்க புத்தி அவ்வளவுதாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் பல்பு தனியாக வந்தான். கம்பெனி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மில் மூடியிருந்தது. மாமா தரையில் உட்கார்ந்து சல்லடையைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அக்கா ஒற்றைக் கையால் ரொட்டிக்கு மாவு பிசைய முயன்றாள். கிண்ணம் நழுவிக்கொண்டே போனது. அவன் போய்க் கிண்ணத்தைப் பிடித்தான். பிடிக்க விட்டாள்.

மாமாதான் தொடங்கினார். "மாப்பிள்ளை, ஒரு சந்தேகம். அந்தக் கசக்கிற விஷயத்தை நீ தூக்கத்துல எழுதினியா, முழிச்சிருந்து எழுதினியா?"

"மாமா..."

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். முழிச்சிருந்து எழுதினேன்னா உனக்குக் கற்பனை ஜாஸ்தி. கதை எழுதப் போயிருக்கலாம்." சொல்லிவிட்டு இருமல் வந்து, பாதிச் சிரிப்பிலேயே நின்றுபோய், முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இருமி முடிக்க நேரமாயிற்று.

"ஏன் வரலை?" என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே. ஒரு வீடாவது. எங்க வீடாவது."

"மழை பெய்ஞ்சுது அக்கா."

"மழைக்குக் கரைஞ்சுடுவியா?"

அவன் மாவையே பார்த்தான். உண்மையான காரணம் மழை இல்லை என்று இருவருக்கும் தெரியும். "கூட இஞ்சினியர் வந்தார். எல்லாரும் பல்பு பல்புன்னு கூப்பிட்டாங்க. குழாயடியில சிரிச்சாங்க. எனக்கு... ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"எங்களைப் பார்த்து வெக்கப்பட்டே."

"அப்படி இல்லக்கா."

"அப்படித்தான். சொல்லு பரவாயில்லை. எனக்கு வேற ஒண்ணு தெரியணும். மத்த வீட்டுக்காரங்களைப் பத்தி என்னென்ன எழுதினே?"

அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தையல்காரரைப் பத்தி என்ன எழுதினே? முதல் தெருக் கிழவரைப் பத்தி? தையல்காரர் பக்கத்து வீட்டுக்காரியைப் பத்தி? ஒவ்வொன்றுக்கும் அவன் ஒன்றிரண்டு வார்த்தையில் சொன்னான். தெரியாதுன்னு. புரியாதுன்னு. நம்பமாட்டாங்கன்னு. சொல்லச் சொல்ல அவன் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அந்த அம்மாகிட்ட நீ ஏன்க்கா பொய் சொன்னே? மாட்டிவிட்டிருக்கலாமே."

"மாட்டிவிட்டிருந்தா? மூணு பொம்பளைங்க முன்னாடி, வெளியாள் முன்னாடி, உன் மானம் போகும். அது போனா என் மானம் இருக்குமா?" கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு. அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. பாவம், கோவமே இல்லை அந்தப் பார்வையில. சின்னக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. இருபது வருஷமா மில் ஓட்டறேன். கல் கொத்தறேன், பெல்ட் மாத்தறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை."

"நான் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா வேலை போகும்."

"போகும்."

"வீட்டுல ரெண்டு குழந்தை இருக்கு."

"இருக்கு."

"அப்ப எதுக்கு என்கிட்ட கேக்கறே? நான் சொல்லாதேன்னு சொல்லணும், நீ நிம்மதியாப் போகணும். அதானே?" அவள் எழுந்துகொண்டாள். "சாப்பிட்டுப் போ. ரொட்டி தேய்க்க என்னால முடியாது. நீ தேய்."

அவன் தேய்த்தான். வட்டமாக வரவில்லை.

மூன்று வாரம் கழித்து நகராட்சி மண்டபத்தில் கூட்டம். காலை பத்து மணிக்கு. இரண்டு பக்கத்து மக்களையும் அழைத்திருந்தார்கள். மேற்குப் பக்கத்தார் முன்வரிசை நாற்காலிகளில் தாங்களாகவே போய் உட்கார்ந்தார்கள், கிழக்குப் பக்கத்தார் தாங்களாகவே பின்னால். அக்கா நல்ல புடவை உடுத்தி, மாவுக்கட்டைத் துண்டால் மூடிக்கொண்டு வந்திருந்தாள். மேனேஜர் மேடையில். பல்பு கம்பெனி சட்டையோடு பக்கவாட்டில், புரொஜெக்டர் கம்பியை யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாள் பச்சை வெள்ளை வரைபடத்தைத் திரையில் காட்டினாள். வருமானம் காரணமில்லை என்றாள், படிப்புகூட அவ்வளவாகக் காரணமில்லை என்றாள். நம்பிக்கைகள்தான் காரணம். ஒரு பகுதியில் தொழில்நுட்பம் சீக்கிரம் பரவும், பக்கத்திலேயே இன்னொரு பகுதியில் பரவாது. அங்கே மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "உதாரணத்துக்கு, பெயர் சொல்லாம ஒண்ணு சொல்றேன். ஒரு மாவு மில் நடத்துற அம்மா. சூரிய சக்தியில அரைச்சா மாவு கசக்கும்னு உண்மையாவே நம்பறாங்க."

முன்வரிசை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நல்ல நகைச்சுவை கிடைத்த சிரிப்பு. சிலர் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். கிழக்குப் பக்கத்தில் மில் நடத்துகிற பெண் ஒருத்திதான். பெயரைச் சொல்லாமல் விட்டதில் என்ன லாபம்?

அக்காவும் சிரித்தாள். மற்றவர்களோடு சேர்ந்து, சரியான நேரத்தில், சரியான அளவுக்குச் சிரித்தாள். பல்பு அதைப் பார்த்தான். அவள் அழுதிருந்தால் ஒருவேளை சும்மா நின்றிருப்பான்.

"மேடம்" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. "மேடம்" என்று மறுபடியும் சொன்னான். "அவங்க அப்படிச் சொல்லலைங்க."

மண்டபம் திரும்பியது. மேனேஜர் கண்ணாலேயே அதட்டினார்.

"அது நான் எழுதினது. டீக்கடையில உக்காந்து எழுதினேன். அந்தப் பக்கம் ஒரு வீட்டுலயும் போய் நான் விசாரிக்கலை. நூத்தி அறுபத்து மூணு படிவமும் நானே எழுதினதுதான். யாரையும் கேக்கலை. வேணாம்னு யாரும் சொல்லலை." ஓர் அடி முன்னால் வைத்தபோது கம்பியைத் தானே மிதித்துவிட்டான். திரையில் வரைபடம் அணைந்துபோனது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. நேரே பின்வரிசைக்கு நடந்து வந்தாள். "நான் உங்ககிட்டயே கேட்டேனே. நீங்களே விளக்கம்கூடச் சொன்னீங்களே. ஏன்மா?"

"அவன் என் தம்பிங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் கையிலிருந்த தாள்களை மடித்துக்கொண்டாள். நூறு பேர் இருந்த இடத்தில் அவளும் அவனைப் போலவே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

தையல்காரர் எழுந்தார். எல்லோரும் அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் பல்புவைப் பார்த்து, "மழைக்காலத்துல வந்தேன்னு சொன்னியேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அவர் பின்னாலேயே கிழக்குப் பக்கம் முழுவதும் எழுந்து போயிற்று. அக்காவும் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் உண்மையைச் சொன்னதால் ஒன்றும் உடனே சரியாகிவிடவில்லை. முதல் சுற்றுத் திட்டம் எப்போதோ முடிந்திருந்தது. இரண்டாம் சுற்றில் கிழக்குப் பக்கத்தைச் சேர்க்க மனு எழுதினார்கள், அந்த அம்மாளும் கையெழுத்துப் போட்டாள். மறுபடி முதலிலிருந்து வீடு வீடாகக் கேட்டு வரவேண்டும் என்று பதில் வந்தது. சலுகை முன்னைவிடக் குறைவு. தகடு வந்து சேர இன்னும் ஒரு வருடமாவது ஆகும். பல்புவின் சூப்பர்வைசர் வேலை போயிற்று. அவன் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அண்ணிக்குக் கை அடிபட்டதையாவது அன்னைக்கே சொல்லியிருந்தா நானாவது வந்து பார்த்திருப்பேன்" என்றாள். கணக்கெடுக்க வேறு ஆளைத் தேடினார்கள். மேற்குப் பக்கத்தில் யாரும் அங்கே போகத் தயாராக இல்லை. கடைசியில் மேனேஜர் அவனையே கூப்பிட்டு, தினக்கூலிக்கு, கையெழுத்தோ கைரேகையோ இல்லாத ஒரு படிவத்தைக்கூட ஏற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். சட்டை தரவில்லை.

ஒரு காலை எட்டு மணிக்குப் பல்பு பாலத்தைத் தாண்டி வந்தான். யாரும் அவனைப் பல்பு என்று கூப்பிடவில்லை. யாருமே கூப்பிடவில்லை. குழாயடியில் பேச்சு நின்றது, அவன் கடந்து போனதும் தொடர்ந்தது. தையல்காரர் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிடத் தைரியம் வராமல் மில்லுக்கு நடந்தான்.

அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டு அவிழ்த்திருந்தார்கள். மணிக்கட்டு மெலிந்து வேறு யாருடைய கை போலவோ இருந்தது. அவன் வழக்கம்போல உள்ளே நுழையப் போனான்.

"நில்லு" என்றாள். "எதுக்கு வந்திருக்கே?"

"கணக்கெடுக்க."

"அப்ப வெளியவே நில்லு. அந்தப் பக்கத்துல எப்படிக் கேட்டியோ அப்படிக் கேளு."

மாமா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பல்புவுக்குத்தான் என்று பார்த்தால், அக்காவின் பின்னால் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றபடியே படிவத்தைப் பிரித்தான்.

"வணக்கங்க" என்றான். "உங்க வீட்டுக் கூரையில சூரியத் தகடு பொருத்த அரசாங்கம் உதவி செய்யுது. உங்களுக்கு விருப்பமாங்க?"

"எவ்வளவு பாரம் வரும் கூரை மேல?"

அவன் சொன்னான்.

"அடைமழை நாலு நாள் பெய்ஞ்சா மில் ஓடுமா?"

"ஓடாது. லைன் கரண்ட் வந்தா ஓட்டிக்கலாம்."

"எங்க லைன் கரண்டுக்கு மோட்டார் தாங்குமா? போன மோட்டார் புகைஞ்சுதான் போச்சு."

"அதுக்கு ஒரு பெட்டி உண்டு. கரண்ட் இறங்கினா அதுவே நிறுத்திடும்."

"அந்தப் பெட்டி கெட்டுப்போனா யார் வந்து பார்ப்பாங்க? எத்தனை நாள்ல வருவாங்க? மாவு தூசு போய் அடைச்சுக்கிட்டா?"

மேற்குப் பக்கத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. "தூசு விஷயம் எனக்குத் தெரியலைங்க" என்றான்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு. எழுதிக்கோ."

படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். அவள் இன்னும் கேட்டாள். மிளகாய் அரைக்கும்போது மோட்டார் வேகம் போதுமா, கல்லைப் பெரிதாக மாற்ற வேண்டி வருமா, மாமா உள்ளே வந்து உட்காரலாமா, எவ்வளவு நேரம் உட்காரலாம். கடைசிக் கேள்விக்கு மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பல்பு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வெயில் ஏறி அவன் கழுத்தில் வேர்வை ஓடியது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

"இப்ப சொல்லுங்க. விருப்பம் உண்டா, இல்லையா?"

அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் அவன் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன். வர்ற செவ்வாய்க்கிழமை வா."

"இங்க உண்டு, இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு..."

"இருக்கட்டும். யோசிக்கிறேன்னு சொன்னேன்னு எழுது. நான் சொன்னதை எழுது."

அவன் எழுதினான். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள், கோணலாக. படிவத்தை அவனிடம் நீட்டியபோது ஒரு கணம் பிடியை விடவில்லை.

"அடுத்து யார் வீடு?"

"தையல்காரர் வீடு."

"திட்டுவார்."

"தெரியும்."

"பதில் பேசாதே. திட்டி முடிக்கிற வரைக்கும் நில்லு. அப்புறம் கேளு."

தையல்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பல்பு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். தட்டினான். உள்ளே மிஷின் நின்றது. ஆனால் யாரும் வரவில்லை. அவன் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றான்.